எடை குறைப்புக் குழுவின் பதினெட்டாம் கூட்டம்

கார் ஓடுவது இன்ஜினால் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் அப்பாவிகள். கார் ஓடுவது குழுவால். இதை நான் போகிற போக்கில் சொல்லவில்லை. எங்கள் கார் கம்பெனியின் ‘எடை குறைப்பு உயர்நிலைக் குழு’வுக்கு ஓராண்டாகச் செயலாளராக இருந்து, பதினெட்டுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளையும் என் கையாலேயே எழுதியவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

என் மனைவியின் தங்கை எங்கள் கம்பெனியில்தான் இன்ஜினியர். பின்பக்கத்து ஷெட்டில் நாலு மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு, இரண்டே இருக்கை உள்ள ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியிருந்தாள். நிறுத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட மாட்டமாட்டாள். அதனால் ஷெட்டில் அவளுக்குப் பெயரே ‘தராசு’. காரின் எடை அறுநூறு கிலோ. இன்ஜினோ, குடும்பத்தோடு கடைகண்ணிக்குப் போய்வரும் சாதாரணக் காரில் இருக்கும் அதே இன்ஜின்.

“இந்த இன்ஜினை வெச்சுக்கிட்டு ஸ்போர்ட்ஸ் காரா?” என்று கேட்டார் எங்கள் தலைவர்.

“சுமை இருந்தாத்தானே சார் பெரிய இன்ஜின் வேணும்? எடை குறைஞ்சா சின்ன இன்ஜின் போதும். சின்ன இன்ஜினுக்குச் சின்ன பிரேக், சின்ன டேங்க் போதும். அதனால எடை இன்னும் குறையும். நின்ன இடத்துலேருந்து ஏழே செகண்டுல நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுடும்.”

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு மகத்தான கொள்கையை ஒரு ஷெட்டில் அநாதையாக விட்டுவைக்கலாமா? அன்று மாலையே பதினோரு பேர் கொண்ட குழுவை அமைத்தார். எடையைக் குறைப்பது பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு தேக்கு மேஜை வந்து இறங்கியது. அதைத் தூக்கிவர எட்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

முதல் கூட்டத்திலேயே குழு ஒரு பொன்னான விதியை இயற்றியது: ‘கண்ணால் காணாததைக் குறிப்பில் ஏற்றலாகாது.’ ஆகவே ஒவ்வொரு சோதனை ஓட்டத்தின்போதும் செயலாளராகிய நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து நேரத்தைக் குறிக்க வேண்டும். குழுவின் முடிவுகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால் கோப்புகளும் என் மடியில் இருக்க வேண்டும். விதியை முன்மொழிந்தவன் நான்தான். கைதட்டினார்கள்.

முதல் ஓட்டம். தராசுதான் ஓட்டினாள். எட்டு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகிவிட்டது. அவள் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். நேரே ஷெட்டுக்குப் போய்ப் பெடலில் ஓட்டை போட ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு கதவுக் கைப்பிடியில் ஓட்டை. கியர் கம்பியில் ஓட்டை. இருக்கைக்கு அடியில் சல்லடை மாதிரி ஓட்டை. அவள் குறைத்த ஒவ்வொரு கிராமையும் குழு மனமாரப் பாராட்டியது. பாராட்டை நான் மூன்று பிரதிகள் எழுதிக் கோப்பில் சேர்த்தேன். அடுத்த ஓட்டத்தில் கோப்பு என் மடியில் இருந்தது. ஆறே மாதத்தில் ஒரு கோப்பு மூன்றானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என் மனைவி எனக்கு மூன்றாவது தடவை பரிமாறக் கரண்டியை எடுத்தாள்.

“அக்கா, அத்தானுக்குப் போதும்” என்று தராசு கையை நீட்டித் தடுத்தாள்.

அத்தானின் உடம்பின்மேல் இந்தப் பெண்ணுக்கு என்ன அக்கறை என்று நான் நெகிழ்ந்துபோனேன். நெகிழ்ச்சியில் நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பதினேழாம் கூட்டத்தில் இடி விழுந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு விநாடியைத் தொடாவிட்டால் ஷெட்டை மூடிவிட முதலாளி உத்தரவு போட்டிருந்தார். தராசுக்கு விளம்பரத் துண்டுத்தாள் அச்சடிக்கும் பிரிவு. மெக்கானிக்குகள் நாலு பேரும் வீட்டுக்கு.

“கவலைப்படாதேம்மா, பெரிய இன்ஜினா மாட்டிடுவோம்” என்றார் தலைவர்.

“அப்ப இருநூறு கிலோ கூடிடும் சார்.”

“கூடட்டுமே. குறைக்கத்தான் குழு இருக்கே!”

இத்தகைய தெளிவு எல்லோருக்கும் வாய்க்காது.

பெரிய இன்ஜின் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. சோதனைத் தடத்தின் ஓரமாகக் குழு முழுவதும் வரிசையாக நின்றது. தலைவர் கையில் நிறுத்துக் கடிகாரம். எதிர்ப்பக்கக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு பேர். மூன்று வாய்ப்புகள். முதல் ஓட்டம் ஏழு புள்ளி ஒன்பது விநாடி. இரண்டாவதும் அதே ஏழு புள்ளி ஒன்பது.

தராசு இன்ஜினை அணைத்தாள்.

“அத்தான்” என்றாள். ஆபீசில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை, சார்தான். “கோவிச்சுக்காதீங்க. கொஞ்சம் இறங்குறீங்களா?”

“விதி இருக்கேம்மா.”

“கார்ல இனி ஓட்டை போட இடமே இல்லை அத்தான். உங்க மேல போட முடியுமா?”

“இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?”

“அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து ‘நீங்க ஜாஸ்தி’ன்னு எப்படிச் சொல்றது? ஒரு வருஷமா உங்களைத்தான் கிராம் கிராமா கழிச்சுக்கிட்டிருக்கேன்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. தொண்ணூற்றாறு கிலோவும் வெட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அந்தச் சின்னக் கதவு வழியாக முதலில் கோப்புகளை இறக்கினேன். பதினாலு கிலோ. பிறகு என்னை இறக்கினேன்.

கார் போன விதத்தைச் சொல்ல எனக்கு வார்த்தையில்லை. கையில் இருந்த பேனாவை நான் மூடுவதற்குள் அது நூறைத் தாண்டிவிட்டது. ஆறு புள்ளி எட்டு! கம்பிவேலிப் பக்கம் விசில் பறந்தது. நானும் விசிலடித்தேன், காற்றுதான் வந்தது.

“செல்லாது!” என்றார் தலைவர்.

“கடிகாரம் உங்க கையிலதானே சார் இருக்கு?”

“இருக்கு. ஆனா நீங்க உள்ள இல்லையே. விதியை மீறி நான் பார்த்ததை நானே எப்படிய்யா நம்புறது?”

தூரத்தில் தராசு காரைத் திருப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

“அப்படின்னா இங்கேயே ஒரு கூட்டம் போட்டுடுவோம் சார்” என்றேன். கூட்டம் என்றால் தலைவர் மறுத்ததே இல்லை. வெயிலில் நின்றபடியே பதினெட்டாம் கூட்டம் கூடியது. நான் கோப்பை முழங்காலில் வைத்து எழுதிப் படித்தேன்:

‘ஓராண்டு இடையறாத உழைப்பின் பயனாக, இக்குழு இன்று காரிலிருந்து ஒரே நாளில் நூற்றுப்பத்து கிலோ எடையை நீக்கிச் சாதனை படைத்தது. அதன் விளைவான ஆறு புள்ளி எட்டு விநாடியைக் குழு பெருமையுடன் ஏற்கிறது. இதே முறை எல்லாக் கார்களுக்கும் நிரந்தரமாகப் பின்பற்றப்படும்.’

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தலைவர் நெஞ்சு நிமிரக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்திட்ட குறிப்பை அவரே மாற்ற முடியாது. அந்த விதியும் நான் எழுதியதுதான்.

பேனாவை மூடிய பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“அது சரி, நூற்றுப்பத்து கிலோவை எங்கேருந்துய்யா எடுத்தோம்?”

“பக்கத்து சீட்லேருந்து சார். அங்க உட்கார்ந்திருந்த குழுவை இறக்கிவிட்டோம்.”