கைமாவில் கொழுப்பு வடித்த விவரம்

ஸ்கெலட்டன் லைன்,
டிசம்பர் 10.

ஆண்டவருக்குள் அன்பான மைத்துனி வின்னிக்கு, உன் அக்கா புருஷன் லாய்ட் எழுதுவது. இங்கே நானும் பியூலாவும் தேவ கிருபையால் சுகம். ஓசூரில் நீயும் டக்ளஸும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் "கைமா" என்று ஆரம்பித்ததுமே நீ சிரித்து, சிரித்தபடியே வைத்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் என்னைக் குறுக்கே நிறுத்த முடியாது.

உன் அக்காவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அழைத்து வந்து இன்றோடு நாற்பது நாள். ஓட்ஸ் கஞ்சி, அவித்த சுரைக்காய் என்று வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். பதினைந்தாம் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கு கைமா வேணும்" என்றாள். டாக்டரிடம் கேட்டேன். கொழுப்பில்லாமல், வாரத்தில் ஒரு நாள், கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். கறிக்கடை முனியப்பனிடம் போய்க் கொழுப்பில்லாத கைமா கேட்டதற்கு, "கொழுப்பே இல்லாம இன்னாத்துக்கு சார் கைமா? பேப்பர அரைச்சுக் குடுக்கறேன், எடுத்துக்கினு போங்க" என்றான். ஆனாலும் தொடைக்கறியாகப் பார்த்துத்தான் அரைத்துக் கொடுத்தான். வாணலியில் வதக்கினால் அதிலும் விரல் உயரத்துக்குக் கொழுப்பு நிற்கிறது. அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீயும், "வெந்ததும் வடிச்சுடுங்க மாமா, அவ்ளோதான்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். எப்படி வடிப்பது என்று சொன்னாயா?

சோறு வடிப்பதைப் போலத்தானே என்று தட்டை வைத்து மூடி, சிங்க்கில் சாய்த்தேன். தட்டு வழுக்கிப் பாதிக் கறி கொழுப்போடு சேர்ந்து சிங்க்கில் விழுந்தது. கறியை அள்ளிவிட்டேன். கொழுப்பை வெந்நீர் ஊற்றிக் குழாயில் தள்ளினேன். அது கரைந்து போய்விட்டது என்றுதான் நானும் நம்பினேன். சாயந்திரம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா வாசலில் நின்று, "லாய்ட் சார், எங்க வூட்டு பாத்ரூம்ல வெள்ளையா இன்னாமோ மெதக்குது, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். ஒட்டி ஒட்டி நிற்கிற இந்தச் சுரங்க லைன் வீடுகளுக்கெல்லாம் ஒரே சாக்கடைக் குழாய். அவள் வீட்டுக்காரர் காத்தவராயன் முந்தின நாள்தான் சபரிமலைக்கு மாலை போட்டவர். காலையும் மாலையும் தலைக்குக் குளிக்கிற மனிதர் துண்டோடு நிற்கிறார், கால் கழுவுகிற இடத்தில் ஆட்டுக் கொழுப்பு! அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை. "சாமி சரணம்" என்று மட்டும் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் முழுக்க மூங்கில் பிளாச்சும் கொதிதண்ணீருமாக நான் குழாயைக் குத்தி, அவர்கள் பாத்ரூமை மூன்று தரம் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

அத்தோடு விட்டுவிடுங்க என்றாள் உன் அக்கா. விடுவேனா? இருபது வருஷம் சுரங்கத்து வைண்டிங் இன்ஜினில் நின்று, கேஜ் கூண்டில் மனுஷர்களை வைத்துப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றியவன் நான். ஒரு லெவலிலும் கேஜை ஒரு அங்குலம் தப்பி நிறுத்தியதில்லை. ஒரு சட்டி கைமாவிடம் தோற்றுப்போவதா? அடுத்த ஞாயிறு, கீழே ஒரு குண்டானை வைத்து, காய்கறி கழுவுகிற பச்சை பிளாஸ்டிக் கூடையில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினேன். கூடையின் அடிப்பாகம் உருகிக் கறியோடு சேர்ந்து இறங்கிவிட்டது. பச்சை கைமாவை நீ பார்த்திருக்கமாட்டாய். நான் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு புது மல் துணியில் மூட்டையாகக் கட்டி முறுக்கினேன். கை வெந்தது, விடவில்லை. இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன், துணி கிழிந்து கைமா கூரை ஷீட்டு வரைக்கும் தெறித்தது. துடைத்துக்கொண்டு இருக்கும்போதே பியூலாவுக்காக ஜெபம் பண்ண பாஸ்டர் வந்துவிட்டார். உட்கார வைத்தேன். அவர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கிறார், நான் கண்ணைத் திறந்து கூரையைப் பார்க்கிறேன். ஆமென் சொல்ல வாயெடுத்தபோது ஒரு துணுக்கு சரியாக அவர் வழுக்கையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "பிரதர், மட்டனா?" என்றார். "ஆமாங்க பாஸ்டர், கொழுப்பு வடிச்சுக்கினு இருந்தேன்" என்றேன். அவர் மறுபடி கண்ணை மூடி, இந்த முறை எனக்காக ஜெபித்தார்.

அன்றைக்குப் படுத்து யோசித்தபோதுதான் புத்தி வந்தது. காத்தவராயன் வீட்டில் என்ன நடந்தது? கொழுப்பு தண்ணீர் மேலே தானாக வந்து, குளிரில் தானாக உறைந்து மிதந்தது. நான் ஏன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்? முந்தாநாள் ஞாயிறு, கைமாவை நிறையத் தண்ணீரில் கட்டியில்லாமல் உதிர்த்து வேகவைத்தேன். எவர்சில்வர் வடிகட்டியில் கறியை வடித்து, நீரைத் தனியாக ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் மேலே வெள்ளைத் தட்டு மாதிரி உறைந்திருந்தது! கரண்டியால் நெம்பினேன், முழுசாக வந்தது. பேப்பரில் சுற்றிக் குப்பைக்கு அனுப்பினேன், சிங்க் பக்கமே போகவில்லை. இஞ்சி பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாய், புதினா போட்டுக் கறியை வதக்கி, கொழுப்பெடுத்த அந்த நீரையே ஊற்றிச் சுண்டவைத்தேன். உன் அக்கா இரண்டு தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டு, மூன்றாவது கேட்டாள் வின்னி! "பரவாயில்லையே" என்றாள். நான் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றுவிட்டு வந்தேன். வேறொன்றுமில்லை, வெங்காயம் அதிகம் நறுக்கியிருந்தேன்.

டக்ளஸுக்கு என் ஸ்தோத்திரம் சொல். கிறிஸ்துமஸுக்கு இருவரும் கட்டாயம் வாருங்கள், கைமா என் பொறுப்பு. கர்த்தர் உங்கள் வீட்டையும் அடுப்படியையும் காப்பாராக.

அன்புடன்,
லாய்ட் மாமா

பின்குறிப்பு: வின்னி, நான் பியூலா. கவரை ஒட்டச் சொல்லிக் குடுத்துட்டு மாமா குளிக்கப் போயிருக்காரு, அதான் எழுதறேன். நான் கஞ்சியைத் தள்ளினேன்னு எழுதியிருக்காரு, பட்டினி கெடக்கல. கிருஷ்ணம்மா தெனமும் பின்பக்கமா ரெண்டு இட்லி குடுத்துடுவா. கைமா மேலயும் எனக்கு ஆசை இல்ல. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து இந்த மனுசன் கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டுக்கினு என் நெஞ்சையே பாத்துக்கினு ஒக்காந்திருந்தாரு. நான் கண்ணு மூடினா மூக்குக்கிட்ட வெரல வெச்சு மூச்சு வருதான்னு பாப்பாரு. ஷேவ் இல்ல, தூக்கம் இல்ல. எப்படியாவது எழுந்து நடக்கட்டும்னுதான் வாய்க்கு வந்த ஒண்ணைக் கேட்டேன். இப்ப வேளைக்குச் சாப்பிடறாரு, நல்லா கொறட்டை விடறாரு. எனக்குத்தான் அந்தக் கொழுப்பு வாசனைல மட்டனே வெறுத்துப்போச்சு. அடுத்து ஆட்டுக்கால் பாயாவுல கொழுப்பு எடுக்கறாராம். நீ வந்து தடுத்துடாதே. வரும்போது எனக்கு மட்டும் ஒரு டப்பால ரசம் மறைச்சுக் கொண்டா.