சத்தம் நுழையாத ஜன்னல்

"எங்க வீட்ல ரயில் சத்தமே கேக்கறதில்லைங்க," என்றாள் சவாகோ.

சொல்லி வாய் மூடவில்லை. சமையலறை ஜன்னலை உரசுகிற மாதிரி புல்லட் ரயில் பறந்தது. அலமாரியில் தேநீர்க் கிண்ணங்கள் தந்தியடித்தன. சத்தத்தை அளக்க வந்த ரயில்வே ஆள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். சவாகோ மட்டும் அசையாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

சத்தம் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று அந்த நகோயாத் தெருவே பல வருஷம் கொடிபிடித்து, இப்போதுதான் இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டாதவள் சவாகோ ஒருத்திதான். காரணம், மாமியார் ஃபுமியே. மருமகள் வைக்கிற மிசோ சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைக்கிற மாமியார். புருஷனிடம் சொன்னால், "அம்மாதானே, விடு" என்று செய்தித்தாளுக்குள் போய்விடுவான். அந்த வீட்டில் மருமகள் வாய் திறக்கலாம் என்றால், அது ரயில் கடக்கிற சில நொடிதான். கல்யாணமான நாள் முதல், ஒவ்வொரு ரயிலுக்கும், முகத்தில் சிரிப்பு மாறாமல், மாமியாரைப் பார்த்தே மனதில் உள்ளதை முழுக் குரலில் கொட்டிவிடுவாள். கிழவியும் தலையாட்டுவாள். ஜன்னல் வந்தால் அதுவும் போச்சு.

ரயில்வே ஆள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். சத்தத்திலேயே காது போன பெண் என்று மேலே சொல்லி, வரிசையில் கடைசியில் இருந்த அவள் வீட்டை முன்னுக்கு இழுத்துவிட்டான்.

சவாகோ விடவில்லை. வீடு பழசு, மரச்சட்டம் தாங்காது என்று போன் போட்டாள். அப்படியானால் சுவருக்கும் கூரைக்கும் சேர்த்தே தடுப்பு போடுகிறோம் என்றார்கள். அக்கம்பக்கத்தில் போய், முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுத்தாள். என்ன பெருந்தன்மை என்று தெருவே உருகி, முதல் ஜன்னல் சவாகோவுக்குத்தான் என்று முடிவு செய்து, கேக்கும் வாங்கிக்கொண்டு வந்தது.

ஜன்னல் வந்தேவிட்டது. மாட்ட வந்த ஆள் கடைசித் திருகாணியை முறுக்கி இழுத்துச் சாத்தினான். மேசையில் மாமியார் சூப்பை ஒரு வாய் குடித்தாள். கிண்ணத்தைத் தள்ளினாள். வெளியே ரயில், தொட்டிக்குள் மீன் போகிற மாதிரி, சத்தமில்லாமல் போனது.

பழக்கதோஷம். ரயிலைக் கண்டதும் சவாகோவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நாக்கு செத்த கிழவிக்கு என் சூப் எங்க ருசிக்கப்போவுது? வேணும்னா நீயே வச்சுக் குடியேன்."

வீடு முழுக்கக் கேட்டது. மாமியார் நிமிர்ந்தாள். சவாகோ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

மாட்ட வந்த ஆள் திருப்புளியைத் துடைத்தபடி மாமியார் பக்கம் குனிந்தான்.

"இப்ப திருப்திதானே பெரியம்மா? 'ரயில் போறப்பல்லாம் எம் மருமக சிரிச்சுக்கிட்டே என்னமோ அன்பா சொல்றா, ஒரு வார்த்தைகூட காதுல விழ மாட்டேங்குது, சீக்கிரம் ஜன்னலைப் போட்டுக் குடுங்க'ன்னு எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னீங்களே."