சுவர் இல்லாதவர்களின் சபை

“எந்தப் பக்கமும் சாயாம நிக்கிற ஆள்தான் இந்த ஊருக்கு…” என்று அப்துல் ஹமீட் மரைக்கார் ஒலிவாங்கியில் சொன்னது அபூசாலிக்கு நன்றாக ஞாபகம். அதற்குப் பிறகு “தேவை” என்றாரா, “தேவையே இல்லை” என்றாரா என்பதுதான் ஞாபகமில்லை. சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது. மரைக்கார் நிறுத்தவில்லை, வாய் அசைந்துகொண்டே இருந்தது. முன்வரிசைக்காரர்கள் அந்த வாயைப் பார்த்துக் கைதட்டினார்கள். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையைப் பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டபடியால் அது தீர்மானமாகிவிட்டது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம், கல்முனைக் கரையில் ‘கட்சி சார்பற்ற கரையோரப் பிரஜைகள் ஒன்றியம்’ இவ்வாறுதான் உதயமானது.

ஒன்றியத்துக்கு ஒரு தலைமைத்துவ சபை வேண்டும் என்றது உதவி தர வந்த வெளிநாட்டு நிறுவனம். சபையில் இருப்போர் எந்தக் கட்சியையும் சேராதவர்களாக இருக்கவேண்டும் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது நிபந்தனையைக் கேட்டு ஊர் தன் மதில்களைத் திரும்பிப் பார்த்தது. ஏனென்றால், தேர்தலுக்கு ஒட்டிய சுவரொட்டிகள் எல்லா மதிலிலும் இன்னும் காயாமல் இருந்தன. ஹமீட் மரைக்காரின் மதிலில் மட்டும் ஒரே முகம் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

“மரைக்கார், அப்ப இது?” என்று நிறுவனத்திலிருந்து வந்தவர் மதிலைக் காட்டினார்.

“எது? மதிலா? அது என்ட பொண்டாட்டிட மதில்” என்றார் மரைக்கார் அமைதியாக. “ஊடும் அவட. வளவும் அவட. நான் கலியாணம் முடிச்சி வரக்குள்ள ஒரு சாரனும் சூட்கேசும்தான் கொண்டு வந்த. சூட்கேசில வேணுமெண்டா பாருங்க, ஒரு போஸ்டரும் இல்ல.”

இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். ஆகவே ஆண்களுக்கு வீடில்லை, வீடில்லாததால் மதிலில்லை, மதிலில்லாததால் சுவரொட்டியில்லை, சுவரொட்டியில்லாதவனுக்குக் கட்சி ஏது? நிறுவனத்திலிருந்து வந்தவர் இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு மனம் நெகிழ்ந்துபோனார். அன்று அஸர் தொழுகைக்கு முன்னரே ஊரின் கல்யாணமான ஆண்கள் அத்தனைபேரும் நடுநிலையாளர்கள் என்று நிரூபணமாகிவிட்டது.

இடறியது நபீலா டீச்சர் மட்டுந்தான். சபையில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்று அவரை அழைத்தார்கள். அவருடைய மதிலில் யாரோ இரவோடிரவாக ஒட்டிவிட்டுப்போன ஒரு சுவரொட்டி இருந்தது.

“அது நான் ஒட்டினதில்ல, மரைக்கார். யார் ஒட்டின எண்டும் தெரியா.”

“ஓம் டீச்சர், நம்புறம். ஆனா மதில் ஒங்கட தானே?”

“மதில் என்டதான்.”

“அப்ப என்ன செய்யிற!” என்று மரைக்கார் உண்மையான துக்கத்தோடு கையை விரித்தார். சொந்தமாக மதில் வைத்திருக்கும் ஒருவர் பக்கச்சார்பிலிருந்து தப்ப முடியாது என்பது சபையின் முதலாவது விதியாகியது. இந்த விதியின்படி ஊரில் ஒரு பெண்ணும் தேறவில்லை.

மரைக்கார் தலைவரானார். பக்கத்துத் தமிழ் ஊரான பெரியநீலாவணையின் மீனவர் சங்கத் தம்பிமுத்து உபதலைவரானார். அவருடைய வீடும் மனைவியின் வீடுதான் என்பதில் இரு சமூகங்களுக்கும் இடையில் பூரண ஒற்றுமை நிலவியது. தமிழும் இங்கிலீசும் எழுதத் தெரியும், டோஹாவில் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து திரும்பியவர் என்பதால் அபூசாலி செயலாளரானார். மற்ற நாற்காலிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எதற்கும் தலையாட்டாமல் நடுநிலை காத்தபடியால் இந்தக் கதையில் வரமாட்டார்கள்.

சபை மரைக்காரின் மனைவியின் முன்மண்டபத்தில் கூடியது. தேத்தண்ணி அந்த வீட்டு அடுப்பிலிருந்து வருவதால் அது கட்சித் தேத்தண்ணியாகாதா என்று ஒரு கேள்வி எழுந்தது. விரிவான கலந்துரையாடலின் பின், குடிப்பது என்றும், ருசி பற்றி அபிப்பிராயம் சொல்வதில்லை என்றும் முடிவாயிற்று.

இப்படியே வருஷங்கள் போயின. யுத்தம் வடக்கே கடைசிக் கட்டத்தில் நிற்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், சபையின் நடுநிலையை மெச்சி நிறுவனம் தண்ணீர் சுமக்கும் பவுசர் லொறி ஒன்றை அன்பளிப்புச் செய்தது.

அபூசாலியின் நெஞ்சு அன்றைக்கு உண்மையிலேயே குளிர்ந்தது. அவர் மனைவி சுல்பிகாவின் வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்த வீடு, வயலை மண்போட்டு நிரப்பிக் கட்டிய வீட்டுத்திட்டத்தில் இருந்தது. அங்கே கிணறு வெட்டினால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வரும். சோறாக்கினால் சோறு கறியின் நிறத்துக்கு வரும். நல்ல தண்ணிக்குப் பெண்கள் பிரதான வீதிக் குழாய்வரை கேனோடு நடந்தார்கள். சுல்பிகாவுக்கு இடுப்பு பிடித்துப்போய், எழும்பும்போதெல்லாம் ஒரு “யா அல்லாஹ்” இல்லாமல் எழும்ப முடியாது.

“சுல்பி, பவுசர் வந்திட்டு! இனி நீ கேன் தூக்கத் தேவல்ல” என்று அபூசாலி ஓடிவந்து சொன்னார்.

“எப்ப மச்சான் வரும்?”

“சபை கூடினவுடன.”

சுல்பிகா கேனை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

சபை கூடியது. முதல் பிரச்சினை, பவுசரை எங்கே நிறுத்துவது? எந்த வளவில் நிறுத்தினாலும் அது யாரோ ஒருவரின் மனைவியின் வளவு, மதிலுள்ள வளவு. கடலோரத்தில், யாரும் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் ஒதுக்கிய தடைவலயம் ஒன்றுதான் மதிலற்ற பூமியாக இருந்தது. பவுசர் அங்கே, உடைந்த அத்திவாரங்களுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி நிறுத்தப்பட்டது.

இரண்டாவது பிரச்சினை, அதை ஒருவர் தனியே ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? எனவே வண்டியைக் கிளப்பும் திறப்பு மரைக்காரிடமும், தண்ணீர் திறக்கும் கைப்பிடி அபூசாலியிடமும் ஒப்படைக்கப்பட்டன. இன நல்லிணக்கத்தின் அடையாளமாகப் பற்றரியைக் கழற்றிப் பெரியநீலாவணைக்குக் கொடுத்தனுப்பினார்கள்.

மூன்றாவது பிரச்சினைதான் பெரியது. முதலில் எந்தத் தெரு?

“வடக்கால தொடங்குவம்” என்றார் அபூசாலி.

“வடக்கால தொடங்கினா வடக்குக்காரன்ட கட்சி எண்டுவானுகள்” என்றார் மரைக்கார்.

“அப்ப தெற்கால?”

“தெற்குக்காரன் மட்டும் சும்மாவா இருக்கான்?”

“சீட்டுக் குலுக்கிப் பாப்பம் மரைக்கார். ஒரு சின்னப் புள்ளயக் கொண்டு எடுப்பிச்சா?” என்றார் தம்பிமுத்து.

“புள்ளக்கு உம்மா இருப்பா. உம்மாக்கு மதில் இருக்கும்.”

தம்பிமுத்து சீட்டுக்குக் கிழித்த தாளைக் கசக்கினார். “அப்ப எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில போனாத்தான் சரி.”

“அதத்தான் நானும் சொல்ல வந்த” என்றார் மரைக்கார்.

எல்லாத் தெருக்களுக்கும் ஒரே நேரத்தில் செல்வதற்குத் தெருவுக்கு ஒரு பவுசர் தேவை. மேலதிகப் பவுசர்கள் கோரி நிறுவனத்துக்கு எழுதுமாறும், அவை கிடைக்கும்வரை தண்ணீரை எல்லோருக்கும் சமமாக நிறுத்திவைக்குமாறும் தீர்மானிக்கப்பட்டது. அபூசாலி இரண்டு மொழிகளிலும் எழுதினார். “இன்றுவரை பக்கச்சார்பு குறித்து ஒரு முறைப்பாடேனும் கிடைக்கவில்லை” என்ற அவருடைய வசனம் நிறுவனத்தை மிகவும் கவர்ந்தது. பவுசர் கிடைக்கவில்லை, பாராட்டுக் கேடயம் ஒன்று கிடைத்தது. கண்ணாடியில் செய்த கேடயம்; உள்ளே ஒரு நீர்த்துளி வடிவம்.

அதைக் கொண்டுவந்து சுல்பிகாவிடம் காட்டியதுதான் அபூசாலி செய்த பிழை.

சுல்பிகா கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பு கேடயத்தையும் சாரனையும் டோஹா சூட்கேசையும் வாசலில் வைத்தாள்.

“மச்சான், இது என்ட ஊடு தானே?”

“ஓம் புள்ள.”

“அப்ப தண்ணி முதல்ல வரட்டும். மறுகா நீங்க வாங்க.”

இதில் வாதிட எதுவுமில்லை. அபூசாலி சூட்கேசோடு தடைவலயத்துக்குப் போய்ப் பவுசரின் முன்னிருக்கையில் குடியேறினார். பவுசர் அதுவரை சுமந்த ஒரே சுமை அவர்தான். காலையில் மீனவர்கள் கரைவலை இழுக்கப் போகும்போது எட்டிப்பார்த்து, அண்ணன் முறை வைத்து, “என்ன காக்கா, தண்ணி எந்தப் பக்கம் போகுது?” என்று கேட்பார்கள். அவர் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. சந்தியில் பட்டாசு வெடித்தது. சில வீடுகளில் கதவு மூடியிருந்தது. சபை அவசரமாகக் கூடியது. ஓர் அறிக்கை விடவேண்டும்.

“முடிஞ்சிது, சந்தோசம் எண்டு எழுதினா ஒரு பக்கம்” என்றார் மரைக்கார். “கவலை எண்டு எழுதினா மற்றப் பக்கம். தம்பிமுத்து, நீங்க என்ன சொல்றீங்க?”

தம்பிமுத்து தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கையின் குடும்பம் யுத்தம் நடந்த வன்னியில் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

“நான் என்னத்தச் சொல்ற, மரைக்கார்” என்றார். “எழுதாம விட்டாலும் சரிதான்.”

எழுதாமல் விடுவதும் ஒரு நிலைப்பாடுதான் என்று மரைக்கார் விளக்கினார். “ஒரு நிலைமை வேறொரு நிலைமையாக மாறியிருப்பதாக அறிகின்றோம்” என்ற அறிக்கை வெளியிடப்பட்டது. அதை எழுதிய அபூசாலி பேனையை மூடி மேசையிலேயே விட்டுவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவர் மரைக்காரைப் பிடித்தார். “மரைக்கார், அண்டைக்கு முதல் கூட்டத்தில, எந்தப் பக்கமும் சாயாத ஆள்தான் இந்த ஊருக்கு எண்டு சொன்னீங்களே. அதுக்கு மிச்சம் என்ன?”

“நானா?” மரைக்கார் தாடியைத் தடவினார். “நல்லாத்தான் கதைச்சிரிக்கன். மிச்சம் ஞாபகமில்ல, மகன்.”

“திறப்பத் தாங்க.”

மரைக்கார் அவரை உற்றுப்பார்த்தார். பிறகு மனைவியின் மதிலைப் பார்த்தார். “தாறன். ஆனா சபைக்கு இது தெரியா. நான் தந்த எண்டும் எனக்குத் தெரியா.”

பெரியநீலாவணையில் தம்பிமுத்து கேள்வியே கேட்கவில்லை. பற்றரியைச் சைக்கிளின் பின்னால் கட்டினார். “சார்ஜ் கொஞ்சம் இறங்கித்து, தம்பி. நியூஸ் பாக்க ரீவிக்குக் குடுத்த” என்று மட்டும் சொன்னார். கடற்கரைவரை உருட்டிக்கொண்டு வந்து, மாட்டியும் கொடுத்தார். கரைவலை இழுக்க வந்த மீனவர்கள் தள்ளினார்கள். பவுசர் இருமி, புகைவிட்டு, நகர்ந்தது.

பிரதான வீதிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அபூசாலி வீட்டுத்திட்டத்துக்குள் நுழைந்தபோது ஹோர்ன் அடிக்கத் தேவைப்படவில்லை. குடம், வாளி, கேன், பெயின்ட் டின் எல்லாம் ஓடிவந்தன. சுல்பிகா மட்டும் ஓடிவராமல் நடந்து வந்தாள், இடுப்பு. நபீலா டீச்சரும் ஒரு வாளியோடு நின்றார். அபூசாலி இறங்கிக் கைப்பிடியை மாட்டினார்.

“சாலி காக்கா, கொஞ்சம் நில்லுங்க” என்றார் டீச்சர். “இது எந்தக் கட்சிட தண்ணி?”

“எந்தக் கட்சிடயும் இல்ல டீச்சர். பொதுத் தண்ணி!”

அவர் பெருமையோடுதான் சொன்னார். ஆனால் வாளிகள் ஒவ்வொன்றாக நிலத்தில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“கட்சி இல்லாத தண்ணி எங்களுக்கு வேணாம்” என்றாள் ஒருத்தி பின்னாலிருந்து.

“ஏன் புள்ள? தாகத்துக்குக் கட்சி இருக்கா?”

“தாகத்துக்கு இல்ல” என்றார் நபீலா டீச்சர் பொறுமையாக, வகுப்பில் விளங்கப்படுத்துவதைப்போல. “கட்சிக்காரன் தண்ணி தந்தா, நாளைக்கு வராட்டி அவன்ட ஊட்டு மதிலுக்கு முன்னால போய் நிண்டு ஏசலாம். அடுத்த எலக்சன்ல பாத்துக்கிறம் எண்டு வெருட்டலாம். இது நாளைக்கு வராட்டி நாங்க எங்க போய் நிக்கிற?”

“என்ட ஊட்டுக்கு வாங்க!”

“ஒங்களுக்கு ஊடு இல்லையே, காக்கா. நீங்க நடுநிலை.”

எல்லோரும் சுல்பிகாவைப் பார்த்தார்கள். சுல்பிகா தன் வீட்டு முன்சுவரைப் பார்த்தாள். வெள்ளை அடித்து, ஒன்றும் ஒட்டாமல், வீட்டுத்திட்டத்திலேயே அது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. பவுசர் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகத் தொடங்கியிருந்தது.

“மச்சான்” என்றாள். “பசை கிண்டித் தரட்டா?”

“எந்தக் கட்சி புள்ள?”

“எதெண்டாலும். இந்தா, தண்ணி ஒழுகுது.”

அபூசாலி சந்தியில் முதலில் திறந்திருந்த கட்சிக் காரியாலயத்துக்குப் போய் அங்கத்தவராகச் சேர்ந்து, சுவரொட்டியோடு திரும்பி வந்தார். அதைச் சுல்பிகாவின் சுவரில் ஒட்டியதும் நிலத்தில் வைத்த வாளிகள் ஒவ்வொன்றாக எழும்பின. சுவர் சுல்பிகாவினுடையது என்பதால் சபையின் செயலாளர் பதவியை அவர் விடவில்லை.