ஒன்றரை நட்சத்திர வாசகர்

மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும் வாசகர் என்று ஓர் இனம் உண்டு. அந்த இனம் இல்லாத ஊரை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காத ஊர்களும் எனக்கு அதிகம் பாக்கியில்லை. ரயிலில் எதிர் இருக்கையில் இருப்பார். விடுதியில் மேல்கட்டிலில் கால் நீட்டியிருப்பார். கையில் தலையணைக் கனத்தில் ஒரு புத்தகம் இருக்கும். அட்டையில் ஒரு வாள், அல்லது ஒரு கிரீடம், அல்லது கிரீடத்துக்குள் செருகிய வாள். தப்பித்தவறி நீங்கள் அந்த அட்டையை ஒரு விநாடி அதிகமாகப் பார்த்துவிட்டால் தீர்ந்தது கதை.

"குப்பை," என்பார். சொல்லிவிட்டு மறுபடி அதற்குள் தலையை விடுவார். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். அடுத்த நிறுத்தமும் போய்விடும். கடைசிப் பக்கத்தை மூடி, பெருமூச்சு விட்டு, பைக்குள் கையை விட்டு, அதே குப்பையின் ஐந்தாம் பாகத்தை எடுப்பார்.

முதல் நான்கும் குப்பை என்று உறுதி செய்துகொள்ள நான்கையும் படிக்க வேண்டியிருந்ததாம்! பாவம், எவ்வளவு உழைப்பு!

இவரை அடையாளம் காண்பது சுலபம். பேச்சு எப்போதும் "தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொடங்கும். "எனக்கு யாரைப் பத்தியும் பயம் கிடையாது" என்று தொடரும். யாரைப் பற்றிப் பயப்பட வேண்டும்? புத்தகத்தை எழுதியவர் இரண்டு கடல் தாண்டி, இவர் ஒருவர் இருப்பதே தெரியாமல், பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவரைத்தான் நம் வீரர் நேருக்கு நேர் தாக்குகிறார். கடைசியில் தீர்ப்பு: ஒன்றரை நட்சத்திரம். ஒன்று, அட்டைக்கு. அரை, இவ்வளவையும் படித்து முடித்த தன் பொறுமைக்கு.

எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். என் பெரியண்ணன். ஊரெல்லாம் சுற்றித் திரும்பிய நான் பெட்டியைப் பிரிக்காமல் அவர் வீட்டு முன்னறையில்தான் மூன்று மாதமாகக் கிடக்கிறேன், ஆகவே இந்த உயிரினத்தைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

அண்ணனுக்குக் கண்ணாடிக் கடை. கண்களைச் சோதித்து, எழுத்துப் பலகையைக் காட்டி, எந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறது, இதிலா, அதிலா, என்று கேட்கும் வேலை. சிலருக்குச் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்கச் சொல்ல வேண்டும். மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கண்ணருகே உள்ளது எதுவும் தெரியாது. செய்தித்தாள் படிக்க முடியாது, போனைப் பார்க்க முடியாது, தனியாக எழுந்து வாசல் வரை போகவும் தைரியம் வராது. இலக்கிய விமர்சகர் ஒருவருக்கு இதைவிட நல்ல சபை வேறு எங்கே கிடைக்கும்?

"பதினாறு வயசு," என்று ஆரம்பிப்பார் அண்ணன்.

"யாருக்கு சார்?" என்பார் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் பேருந்து ஓட்டுநர்.

"கதாநாயகிக்கு. அனாதை. எல்லாப் புத்தகத்துலயும் அனாதைதான். அப்பா அம்மா இருந்தா நாட்டைக் காப்பாத்த விடமாட்டாங்க பாருங்க, பரீட்சை இருக்கு உக்காருன்னு சொல்லிடுவாங்க. சரி, அதை விடுங்க. கண்ணு ஊதா நிறம். இருபது வருஷமா கண்ணுதான் பாக்குறேன். ஊதாக் கண்ணு ஒண்ணாவது வந்திருக்கா?"

"எனக்கு இப்போ எல்லாமே ஒரு மாதிரி வெள்ளையாத்தான் தெரியுது சார்."

"அது மருந்து. ஒருத்தி சும்மா இருந்தா, திடீர்னு வலது கையில ஒரு மச்சம் எரியுது. உடனே நீதான்மா ராணின்னு சொல்லிடறாங்க. நான் கேக்கறேன், நாட்டை ஆளறதுக்கு மச்சம் போதுமா? ஒரு பரீட்சை வேண்டாம், நேர்முகம் வேண்டாம்?"

"ஆமா சார். எனக்கு வண்டி ஓட்டறதுக்கே மூணு பரீட்சை."

திகில் நாவல் என்றால் குரல் இன்னும் உயரும். "கதை சொல்ற பொம்பளைக்கு ஞாபக மறதி. நேத்து ராத்திரி என்ன நடந்துச்சுன்னு அவளுக்கே தெரியாது. அப்போ எதுக்கும்மா கதை சொல்ல வந்தே? புருஷன் ரொம்ப நல்லவன். நல்லவன்னு மூணு தடவை எழுதிட்டாங்கன்னா அவன்தான் கொன்னிருக்கான், மேல படிக்கவே வேண்டாம். எல்லார் கையிலயும் போன் இருக்கு. கொலைகாரன் கதவைத் தட்டும்போது மட்டும் ஒருத்தர் போன்லயும் சார்ஜ் இருக்காது!"

நியாயமாகச் சொன்னால், இதில் பாதி உண்மை. முக்கால் பங்கு என்றுகூடச் சொல்வேன். ஊரை எரித்த கொடுங்கோலனிடமிருந்து நாட்டை மீட்கக் கிளம்பியவள், முந்நூறு பக்கத்துக்கு இரண்டு பையன்களில் யாருடைய தோள் அகலம் என்று யோசித்துக்கொண்டிருந்தால் நாடு என்ன ஆகும்? அண்ணன் கேட்பது சரிதான். ஆனால் அந்த இரண்டு பையன்களில் இளையவன் நான்காம் பாகத்தில் செத்தபோது, அண்ணன் சாப்பிடாமல் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் முகம் கழுவினாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த ராஜ்யத்தின் வரைபடத்தை அவர் பார்க்காமலே வரைவார். குதிரைகளின் பெயர்கள் எல்லாம் தெரியும். தன் மச்சினர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் மூன்றாவதில் தடுமாறுவார்.

இப்படிச் சிங்கம்போல் வாழ்ந்துகொண்டிருந்தவருக்குத்தான் சோதனை வந்தது.

அண்ணியின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஊசியைப் பார்த்து, வலிக்குமா என்று யாராவது கேட்டால், "வலிக்கும்" என்று சொல்லிவிட்டுக் குத்துகிற பெண். மூன்று வருடம் தற்காலிகமாக இருந்து, நான்கு மாதத்துக்கு முன்தான் நிரந்தரமானாள். அவள் ஒரு மாலை வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கக் காகிதக் கட்டை அண்ணன் மடியில் வைத்தாள். சுருள் கம்பி போட்டு, முதல் பக்கத்தில் வரைபடத்தோடு.

"நாவல் மாமா. மூணு பாகம். இது முதல் பாகம்."

"நீயா எழுதினே?"

"நான்தான். அம்மா நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, படிக்காமலே. அக்கா முதல் பக்கத்தைப் பார்த்துட்டே அழகா இருக்குன்னா. அது வெறும் மேப்பு. நீங்கதான் மாமா முகத்துக்கு நேரா சொல்ற ஆளு." கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். வேலையை விடுவதாக எழுதிய கடிதம். தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. "வேலைக்குப் போயிட்டு வந்து எழுதினா மீதி ரெண்டு பாகம் முடிய பத்து வருஷம் ஆகும். ஞாயித்துக்கிழமை வரேன். நீங்க சரின்னு சொன்னா திங்கக்கிழமை இதைக் குடுத்துடுவேன்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதே. நான் மனசுல பட்டதைத்தான் சொல்வேன்."

"அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

அந்த வாரம் நான் பார்த்த அண்ணனை அதற்கு முன் பார்த்ததில்லை. காகிதக் கட்டு கடைக்குப் போயிற்று, திரும்பி வந்தது. குளிர்பெட்டியின் மேல் இருந்தது. தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது. புதன்கிழமை நான் கடைக்குப் போனபோது, சொட்டு மருந்து விட்ட இரண்டு பேர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்களிடம் வெயில் அதிகமாக இருப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வெயில்!

"எப்படிண்ணா இருக்கு, சின்னவ நாவல்?" என்று கேட்டேன்.

"கண்ணு வலிக்குது," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

வீட்டில் அண்ணி வேறு. "என்னங்க, அவ மனசு நோகற மாதிரி ஏதாவது சொல்லி வெச்சிடாதீங்க." இரண்டு நிமிடம் கழித்து, பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அதுக்காகப் பொய் சொல்லி வெச்சிடாதீங்க. வேலையை விட்டான்னா நம்ம வீட்லதான் வந்து உக்காருவா. ஏற்கெனவே முன்னறையில ஒருத்தி உக்காந்திருக்கா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் பணி முடித்து நேராக வந்தாள். கையில் இன்னும் மருந்துப் பஞ்சின் வாசனை. அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி சமையலறை வாசலில் நின்றாள். நான் சோபாவில் பத்திரிகை படிப்பதுபோல் நடித்தேன்.

"நல்லா இருக்கு," என்றார் அண்ணன்.

"அப்புறம்?"

"நடை நல்லா இருக்கு. எழுத்துப்பிழை இல்ல."

"அப்புறம்?"

"நல்ல முயற்சிம்மா. பாராட்டணும்."

சின்னவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "மாமா, நீங்க திட்டவே இல்ல."

"திட்டறதுக்கு என்ன இருக்கு?"

"நீங்க ஏழு பாகம் படிச்சதை ஏழு வருஷமா திட்டறீங்க. எனக்கு ஒரு வரி கூட இல்லையா? கதாநாயகிக்கு என்ன நிறக் கண்ணு?"

அண்ணன் கூரையைப் பார்த்தார். "ஊதா?"

"சாம்பல். உங்களுக்குப் பயந்து மாத்தினேன். எழுபதாம் பக்கத்துக்கு அப்புறம் அவளுக்கு ஒரே கண்ணு."

அண்ணன் காகிதக் கட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கத்துல நிறுத்தினீங்க மாமா?"

"முழுசா ஒரு தடவை புரட்டிப் பார்த்தேன்மா..."

"எந்தப் பக்கம்?"

"நாப்பத்தொண்ணு." தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதை மறைக்க அவள் முயலவில்லை. கட்டை எடுத்துப் புரட்டி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். "இங்க என்ன பிரச்சினை?"

"குதிரைக்கு ஏரியில தண்ணி காட்டறாங்க. அது குடிக்குது. அடுத்த பக்கத்துலயும் குடிக்குது. அதுக்கும் அடுத்த பக்கத்துலயும் குடிக்குது." அண்ணனின் குரலில் உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. "முதல் அத்தியாயத்துல ஊரை எரிச்சவன் பின்னாடியே துரத்திட்டு வரான், இந்தம்மா ஏரிக்கரையில நின்னு தண்ணியில நிலா தெரியறதைப் பாக்குது! எனக்கே தாகம் எடுத்துடுச்சும்மா. தண்ணி குடிக்க எழுந்தேன். திரும்பி வந்து உக்காரும்போது கை வேற புத்தகத்தை எடுத்துடுச்சு."

"எதை?"

"அந்த ஏழாம் பாகத்தை. மறுபடியும்."

"நீங்க ஒன்றரை நட்சத்திரம் குடுத்தீங்களே, அதையா?"

"அதையேதான்."

சின்னவள் கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். அண்ணி ஓரடி முன்னால் வந்தாள். சின்னவள் அதைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பேனாவை எடுத்து, "41" என்று எழுதிக் கோடு போட்டாள். அதன் கீழே "குதிரை. மூணு பக்கம். ஒரு வரி போதும்" என்று எழுதினாள்.

"முதல் நாப்பது பக்கத்துல எங்கயாவது அலுப்பு தட்டிச்சா?"

"பன்னெண்டுல கொஞ்சம். அந்தத் தாத்தா தீர்க்கதரிசனம் சொல்ற இடம்."

"12" என்று எழுதினாள். "இன்னும்?"

விளக்கு போடும் நேரம் வரை அண்ணன் பேசினார். திட்டினார் என்றே சொல்ல வேண்டும். இருபத்தாறாம் பக்கத்துக் காதலைத் திட்டினார், முப்பத்துமூன்றாம் பக்கத்துச் சண்டையை எழுந்து நின்று நடித்துக் காட்டித் திட்டினார். கடிதத்தின் பின்பக்கம் நிரம்பி, ஓரத்தில் நிரம்பி, பிறகு முன்பக்கத்தில் மேலாளருக்குரிய மரியாதை வரிகளின் இடுக்கிலும் எண்கள் ஏறின. அதை இனி எந்த மேலாளரிடமும் கொடுக்க முடியாது. சின்னவள் அதை நான்காக மடித்து நாவலுக்குள் வைத்தாள்.

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்டு," என்று எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாப்பத்திரெண்டுலேர்ந்து படிங்க மாமா. அங்கதான் அவன் வந்து சேர்றான்," என்றாள்.

அண்ணன் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். செவ்வாய்க்கிழமையே தபால்காரர் ஒருவரின் கண்ணில் மருந்தை விட்டு உட்காரவைத்து எட்டாம் பாகத்தைக் குப்பை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். எட்டாம் பாகம் இன்னும் வெளிவரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இந்த ஆளை எனக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள். இருக்கட்டும், ஒன்று கேட்கிறேன். போன மாதம் உங்கள் அலுவலக நண்பர் தான் எழுதியதைப் படிக்கக் கொடுத்தாரே, "அருமை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தீர்களே, அது எத்தனையாவது பக்கம் வரை அருமை? அவர் கைப்பையிலும் ஒரு கடிதம் இருந்ததா என்று பார்த்தீர்களா? ஊர்பேர் தெரியாத எழுத்தாளரைப் பற்றி நீங்கள் எழுதிய நாலு பக்கக் கடுமையான விமர்சனம் மட்டும் இன்னும் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறதே, அதற்கு எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தீர்கள்?

இந்தக் கட்டுரையைப் பற்றியும் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும். தாராளமாகத் திட்டுங்கள், எந்த வரியில் கண் தாவியது என்று சொல்லுங்கள். ஆனால் என்னை எங்காவது வழியில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குப் பக்க எண் தெரிந்துவிடும்.