மைனர் அம்மாவின் இடப்பக்கத் தாழ்

இலங்கை மலைநாட்டின் ஊவா மாகாணத்தில் எந்த வீட்டுக்குள்ளும் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து, அந்த வீட்டு அலமாரிக் கைப்பிடியைத் திருகிப் பார்த்து, "இது எங்க எடுத்தது?" என்று கேட்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. பொலிஸுக்குக்கூட அந்த உரிமை இல்லை. மைனர் அம்மாவுக்கு இருந்தது.

தமிழில் மைனர் என்றால் சென்ட் பூசிக்கொண்டு சந்தியில் நிற்கிற ஆள். எங்கள் மைனர் அம்மா வருவதைக் கண்டால் அப்படிப்பட்ட ஆள்கள் தேயிலைச் செடிக்குள் பதுங்கிவிடுவார்கள். இறுக்கிக் கட்டிய கொண்டை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை. பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மருத்துவிச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டப்பெயரைக் கொடுத்தது அவருடைய மொரிஸ் மைனர் கார்.

நான் மாற்றலாகிப் பதுளைக்கு வந்து, அவர் வீட்டை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். அறையோடு சேர்த்து அந்தக் காரின் இடப்பக்க சீட்டும் எனக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது.

காரின் வெளிப்புறத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை. ஆனால் உட்புறத்தில் ஒரு திருகாணி குறைந்தாலும் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது.

"வெளிய துருப் பிடிச்சா பாக்கிறவனுக்குத்தான் கஷ்டம். உள்ள ஒண்ணு கொறஞ்சா உக்காந்திருக்கிறவனுக்குக் கஷ்டம். நமக்கு யாரு தம்பி முக்கியம்?"

எஞ்சினுக்கு என்ன வந்தாலும் கராஜில் மெக்கானிக்கான பாஸ் எதையாவது கடைந்து மாட்டிவிடுவார். தொல்லையெல்லாம் உள்ளே இருக்கும் பொடிச் சாமான்களால்தான். முன்பக்கப் பெட்டி மூடியின் குமிழ், கூரை விளக்கின் கண்ணாடி, சாம்பல் கிண்ணம் எல்லாம் செய்வதை நிறுத்தி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. இங்கிலாந்தில் கிடைக்கிறதென்று போனில் தேடிக் காட்டினால் அம்மா உதட்டைப் பிதுக்குவார்.

"சீமைக்காரன் விட்டுட்டுப் போனதெல்லாம் இங்கதான் கெடக்கு. தோட்டத்துல ஒரு சாமானும் தொலையாது தம்பி. வேற வேலைக்குப் போயிருக்கும்."

இந்தச் சித்தாந்தத்தை நான் கேலி செய்தேன், ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போகும்வரை. அங்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு லயத்தில் மாரிமுத்து என்பவர் வீட்டுச் சோற்றுப் பானை மூடியில், வெந்நீர் ஆவியில் குளித்துப் பளபளத்துக்கொண்டிருந்தது மைனரின் பெட்டிக் குமிழ். மாரிமுத்து பெரிய மீசைக்காரர். தர முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டார். அம்மா அடுப்படியில் நின்ற அவருடைய புது மருமகளைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமாம்மா, ஒன் மாமனார் பொறக்கிறப்ப தலைக்கு முன்னால என்ன வந்துச்சுன்னு?"

"அம்மா! எடுத்துக்கிட்டுப் போங்க! மூடியோட எடுத்துக்கிட்டுப் போங்க!"

இதுதான் அவருடைய ஆயுதம். பாதி மாகாணம் அவர் கையில் பிறந்தது. யார் காலை நீட்டிக்கொண்டு வந்தார்கள், யார் பிறந்ததும் அழாமல் நாலு அறை வாங்கினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் மட்டும் ஹட்டனில் பிறந்தவன். என்னிடம் எந்தக் குறை கண்டாலும், "நீ என் கையில பொறக்கல, அதான்" என்று முடித்துவிடுவார்.

அவர் தோற்றுத் திரும்பியது ஒரே இடத்தில். அதே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருநீறு வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்து நின்றுவிட்டார். மைனரின் சாம்பல் கிண்ணம். பூசாரி நடுங்கினார். அம்மா அதிலேயே தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

"சாம்பல் வைக்கிற கிண்ணத்துல சாம்பல்தானே இருக்கு. இருக்கட்டும்."

எல்லாம் விளையாட்டுப் போலத்தான் போய்க்கொண்டிருந்தது, செல்வியின் பிள்ளை விஷயம் வரும்வரை.

செல்வி அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெண். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து உண்டான பிள்ளை, அவசரப்பட்டு முன்கூட்டியே வந்துவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தேற்றினார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், ஆனால் குளிர்காற்று படவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைனரில் கொண்டுபோய் விடுவது அம்மாவின் பொறுப்பு.

அந்த வாரம் பார்த்துத்தான் மைனரின் இடப்பக்க முன்கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியின் தாழ் ஒடிந்தது. கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாவிட்டால் காற்றடிக்கும் போதெல்லாம் கண்ணாடி திறந்துகொண்டு, மலைக்காற்று நேரே பின்சீட்டுக்குப் பாயும். அம்மா ஆஸ்பத்திரிப் பிளாஸ்டரால் ஒட்டி, ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார். பண்டாரவளை தாண்டியதும் மூடுபனியில் நனைந்து பிளாஸ்டர் என் மடியில் விழுந்தது, கண்ணாடி என் காதில் இடித்தது. வலப்பக்கத் தாழைக் கழற்றி மாட்டலாம் என்றால் அது எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறது.

"ஒரு வேன் பிடிச்சா என்னம்மா?" என்றேன்.

அம்மா காரை ஓரமாக நிறுத்தினார்.

"அவ கல்யாணத்துக்கு இதுலதான் போனா. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவ கலைஞ்சப்பவும் நான்தான் பக்கத்துல இருந்தேன். 'அழாதடி, ஒரு நா புள்ளயோட மைனர்ல ஏறுவ'ன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப போயி வேன்ல ஏறுன்னு சொல்லச் சொல்றியா?"

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். காலையிலிருந்து அப்புத்தளைச் சரிவெல்லாம் ஏறி இறங்கினோம். கோழிக்கூடு, தையல் மெஷின், ஜன்னல், பீரோ என்று ஒன்று விடாமல் பார்த்தாகிவிட்டது. பின்னேரம் பெரகல சந்தியில், ஒரு சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தோம். அம்மா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

வடை வைக்கிற கண்ணாடி அலமாரி. அதன் கதவில் மைனரின் தாழ்.

கல்லாவில் தொப்பியோடு ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். அம்மா எழுந்து போனார்.

"மொதலாளி, இது எங்க எடுத்தது?"

"வாப்பா போட்டது. பழைய கார் ஒண்ட ஒடச்ச நேரம் எடுத்தாராம்."

"நீங்க எங்க பொறந்தீங்க?"

முதலாளி மிரண்டு போனார். "வெலிகமயில. ஏன்?"

அம்மாவின் தோள் இறங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். வெலிகம! கடற்கரை ஊர். மிரட்ட ஒரு கால்கூட இல்லை, தலைகூட இல்லை. சேலைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், இந்த மாகாணத்தில் யாரும் கேட்டிராத குரலில் பேசினார்.

"மொதலாளி, ஒங்களுக்கும் எனக்கும் ஒரு ஒட்டு ஒறவும் இல்ல. ஆனா ஒரு ஒதவி கேக்கணும்."

செல்வியைப் பற்றிச் சொன்னார். முதலாளி மேசை லாச்சியைத் திறந்து திருப்புளியை எடுத்தார். தாழைக் கழற்றி அம்மா கையில் வைத்தார். எனக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது. காருக்கு ஓடினோம், பொருத்தினோம், திருப்பினோம்.

எதிர்ப்பக்கமாகத் திரும்பியது. அதுவும் வலப்பக்கத் தாழ்!

நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உட்காரவில்லை. கடையைத் திரும்பிப் பார்த்தார். அந்த அலமாரிக்கு இரண்டு கதவு.

"மொதலாளி, அந்தப் பக்கத்துக் கதவுல?"

முதலாளியின் முகம் சிவந்தது. "அதுவா... அது வடை வைக்கிற பக்கம் அம்மா. நாள் முழுக்கத் தொறந்து பூட்டுறது. இந்தப் பக்கம் சும்மா சோடாப் போத்தல்."

முதலாளி வடையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைக்கு வெளியே சுழன்றடித்த பெரகலக் காற்றைப் பார்த்தார்.

"புள்ளக்கி எத்தின மாசம்?"

"மாசமா? இப்பதான் ஆஸ்பத்திரிப் பொட்டிய விட்டு வெளிய வருது."

"யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தாழையும் கழற்றினார். இந்த முறை அவரே வந்து பொருத்தினார். டிக்கென்று ஒரு சத்தம். சந்தியில் அத்தனை பஸ் ஹோர்னுக்கும் நடுவில் அந்தச் சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. பிறகு உள்ளே போய் முதல் தாழைப் பழைய இடத்தில் பூட்டி, இடப்பக்கக் கதவை ஆணியடித்துச் சாத்தி, வடையை வலப்பக்கத்துக்கு மாற்றினார். வழக்கம்போல் இடப்பக்கம் கை நீட்டிய கண்டக்டர் ஒருவர் விரலை இடித்துக்கொண்டார்.

"வடை எடம் மாறிட்டு!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார் முதலாளி. அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது.

வெள்ளிக்கிழமை செல்வி ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையோடு நின்றாள். கணவன் பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தொடப் பயந்தவன் போல இரண்டடி தள்ளி நின்றான். காற்று வருகிறதா என்று அம்மா பின்சீட்டில் பஞ்சு இழை ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவிட்டார். ஹாலிஎலைக்கு அப்பால் ஒரு தரம், தியத்தலாவைப் பக்கம் ஒரு தரம் பிடித்தேன். வெளியே மூடுபனி கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது. பஞ்சு அசையவே இல்லை.

லயத்து வாசலில் இறங்கும்போது செல்வி காரின் கதவைத் தடவினாள்.

"ஏறிட்டேன்ல அம்மா?"

"ஏறிட்டடி" என்றார் அம்மா. பிறகு ஹோர்னை நீட்டி அடித்தார்.

திரும்பும் வழியில் என் இடப்பக்க சீட்டில் காதில் காற்றடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது கார் எங்கள் தெருவில் நின்றது. எஞ்சின் சூடு ஆறிப் போயிருந்தது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அம்மா சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடைக்காரர் ஏதோ கேட்க வர, உதட்டில் விரல் வைத்து அவரை விரட்டினார்.

"வந்து எவ்வளவு நேரமாச்சு? எழுப்பியிருக்கலாமேம்மா!"

"தூங்குற புள்ளய யாராச்சும் எழுப்புவாங்களா?"

நாற்பதைத் தாண்டி, தலையில் பாதி வழுக்கை விழுந்திருந்த என்னைத்தான் சொன்னார்.