ஒன்பதா, பதினேழா

பொருள் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கடைக்குள் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நிற்கிற மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அலசுகிறவர்கள் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் துலக்கும் பிரஷ் வாங்கப் போய், அதன் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று விரலால் தடவி, போன வருஷம் வாங்கியது எத்தனை நாள் உழைத்தது என்று கடைக்காரருக்கு விளக்கி, பின்னால் நிற்கிறவரின் கருத்தையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் "வீட்ல இருக்கிறதே இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று வெறுங்கையோடு திரும்புகிறவர். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சருக்குக் கைக்காசு போய்விடுமோ என்று பயம். இவருக்குத் தப்பாகிவிடுமோ என்று பயம். முன்னது ஒருநாள் தீரலாம். பின்னது தீராது.

நம்முடைய அலசுகிறவர் இருப்பது ஒரு வெல்டிங் பட்டறையில். மாடிப்படிக் கைப்பிடி, ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி, இப்படி எவர்சில்வர் குழாய்களை ஒட்டிச் செய்கிற இடம். பட்டறை அவருடைய அக்காவுடையது. வெல்டரும் அக்காதான். தம்பியாருக்கு அளவெடுப்பதும், வருகிறவர்களிடம் பேசுவதும், சாமான் வாங்குவதும் வேலை. முதல் இரண்டையும் பிரமாதமாகச் செய்வார். இவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்கிறீர்களா? இவர் விசாரித்து முடிப்பதற்குள் பெண் வீட்டார் தேதி குறித்துவிட்டார்கள். "இன்னும் என்னைப் பத்தி விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு" என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வதுண்டு.

விவகாரம் அக்காவின் வலது மணிக்கட்டில் ஆரம்பித்தது. வீக்கம். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "ஒண்ணு, கையில பிடிக்கிற பாரத்தைக் குறைங்க. இல்ல, வேலையை விடுங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. இப்படியே இருந்துச்சுன்னா நானே விடச் சொல்லிடுவேன்."

கையில் பிடிக்கிற பாரம் என்பது டார்ச். டிக் வெல்டிங்கில் அதைப் பேனா மாதிரி பிடிக்கவேண்டும். நுனியில் டங்ஸ்டன் ஊசி, அதைச் சுற்றி ஒரு பீங்கான் கப், கப் வழியாக வாயு வரும். பின்னால் வால் மாதிரி ஒரு கனத்த கேபிள். பட்டறையில் இருந்தது இருபத்தாறாம் நம்பர் டார்ச். அதை வாங்கியவர் அக்காவின் கணவர். பெரிய கை அவருக்கு. ஒருநாள் கடைக்குள் போனார், ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், "இது" என்றார், வந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்த பிறகு டார்ச்சும் பட்டறையும் அக்கா கைக்கு வந்தன. பட்டறை பொருந்திவிட்டது. டார்ச் பொருந்தவில்லை. குழந்தை அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரிதான் அந்தக் கை அதைப் பிடித்தது.

சின்ன டார்ச்சில் இரண்டு வகை. பதினேழாம் நம்பர் நடுத்தரம். ஒன்பதாம் நம்பர் குட்டி. குட்டிக்கு ஒரே குறை, மின்சாரம் அதிகமாக ஏற்றினால் சீக்கிரம் சூடேறிவிடும். அக்காவின் வேலைக்கு அவ்வளவு ஏற்றத் தேவையே இல்லை, மெல்லிய குழாய்கள். ஆகவே விஷயம் முடிந்தது. நீங்களாக இருந்தால் இங்கேயே முடித்திருப்பீர்கள்.

தம்பியார் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினார்.

நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டினார். எடை, கழுத்து வளையுமா வளையாதா, வாயுத் திருகு டார்ச்சிலேயே இருக்கிறதா, கேபிள் நாலு மீட்டரா எட்டு மீட்டரா, அதன் உறை ரப்பரா துணியா. சமையலறைத் தராசைக் கடைக்கு எடுத்துப்போய் ஒவ்வொரு டார்ச்சையும் கேபிளோடு ஒருமுறை, கேபிளைக் கடைக்காரர் தூக்கிப் பிடிக்க ஒருமுறை நிறுத்தார். தெரிந்த வெல்டர்கள் மூன்று பேருக்குப் போன் போட்டார். முதல் ஆள் ஒன்பது என்றார். இரண்டாவது ஆள் பதினேழு என்றார். மூன்றாவது ஆள் "ரெண்டும் நல்லதுதான்" என்றார். இழுபறியைத் தீர்க்க நாலாவது ஆளைப் பிடித்தார். அவர் கேட்டார்: "பிடிக்கப்போறது உங்க அக்காதானே? அவங்க என்ன சொல்றாங்க?" தம்பியார் போனை வைத்துவிட்டு நோட்டில் எழுதினார்: நாலாவது ஆள், தெளிவான பதில் இல்லை.

மூன்றாவது வாரம் இன்னொரு பெரிய தடை முளைத்தது. அலமாரியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா, அதற்குள் நாற்பது பீங்கான் கப். மச்சான் காலத்திலிருந்து சேர்ந்தவை. இருபத்தாறுக்குப் போடுகிற கப் பதினேழுக்கும் பொருந்தும். ஒன்பதுக்குப் பொருந்தாது. ஒன்பதை வாங்கினால் இந்த நாற்பதின் கதி என்ன? ஒரு மத்தியானம் முழுக்க அவற்றைத் துடைத்து, அளவுவாரியாக அடுக்கி, அனாதைப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கட்டு ஒருபக்கம், நாற்பது கப் மறுபக்கம். தராசு ஆடத் தொடங்கியது.

"முடிவாச்சா தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"கிட்டத்தட்ட."

"போன மாசமும் கிட்டத்தட்டன்னுதான் சொன்ன."

"அது வேற கிட்டத்தட்டக்கா. இது இன்னும் கிட்ட. ஒரே ஒரு விஷயம் மட்டும் பாத்துட்டா போதும்."

இந்த இனத்தின் தேசிய கீதம் அதுதான்: ஒரே ஒரு விஷயம். அந்த ஒன்று போனால் இன்னொரு ஒன்று வரும். பத்து விஷயம் பாக்கி இருக்கிறது என்று எந்த அலசுகிறவரும் சொன்னதில்லை.

இதற்கிடையில் அக்கா கேபிளைத் தோளில் போட்டுப் பாரத்தைக் குறைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றிக்கொண்டார். கதவுத் தாழ்ப்பாளை இடது கையால் திறந்தார். சாயங்காலம் தண்ணீர்த் தம்ளரையும் இடது கையால் எடுத்தார். தம்பி கவனிக்கவில்லை என்று சொன்னால் பாவம். எல்லாவற்றையும் கவனித்தார். நோட்டில் வலி என்று ஒரு கட்டமே புதிதாகப் போட்டு, தினமும் நிரப்பினார். 'நேற்றைவிட அதிகம்.' 'நேற்றைவிடக் கொஞ்சம் அதிகம்.'

தாமதத்துக்கு அவரிடம் இன்னொரு நியாயமும் இருந்தது. அது மச்சான் வாங்கின டார்ச். பிடியில் அவர் சுற்றின கறுப்பு டேப் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற அக்காவுக்கு எப்படி மனசு வரும்? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். ஆனால் கேட்பது அலசல் ஆகாதே.

டாக்டர் சொன்ன கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒருநாள் காலையில் தம்ளர் இடது கையிலிருந்து வலது கைக்கு மாறியபோது கீழே விழுந்தது. அக்கா அதை எடுக்கவில்லை. வாயு சிலிண்டரைத் திருகி மூடினார். நெற்றியில் ஏற்றியிருந்த முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கிளம்பு."

"எங்கக்கா?"

"கடைக்கு."

"நோட்டை எடுத்துக்கிறேன்."

"நோட்டு இருக்கட்டும்."

கடைக்காரர் தம்பியாரைப் பார்த்ததும் தானாகவே மேஜையைக் காலிசெய்தார். "வாங்க சார். தராசு எடுத்துட்டு வரலையா?" பின்னால் அக்கா வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "அக்கா, நீங்களா? ரெண்டு டீ சொல்றேன்."

அக்கா பையிலிருந்து தன் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். தம்பிக்குச் சுருக்கென்றது. ஏழு வாரத்தில் எடை பார்த்தாயிற்று, நீளம் பார்த்தாயிற்று; அந்தக் கையுறை ஒருநாளும் கடைக்கு வரவில்லை.

அக்கா பதினேழை எடுத்து, முழங்கையை மேஜையில் ஊன்றி, காற்றில் தன் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்கு வரும்போது நுனி தொங்கிவிட்டது. வைத்துவிட்டார். ஒன்பதை எடுத்தார். எழுதினார். எழுத்து எழுத்தாக இருந்தது. பிறகு, தேவையே இல்லாமல், இன்னொருமுறையும் எழுதினார்.

"இது."

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அக்கா, அந்தக் கப்பெல்லாம்..."

"எந்தக் கப்பு?"

"டப்பாவில நாப்பது இருக்கு. இதுக்குச் சேராது."

"அதுங்களுக்கு வலிக்குதா?"

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பியிடம் கடைசி நியாயம் ஒன்று மிச்சம் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மச்சான் வாங்கினதை எப்படிக்கா... உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

அக்கா கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். "பிடி அவரோடது. கை என்னோடது." கையுறையைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "அவர் இருந்திருந்தா முதல் நாளே என்னை இங்க இழுத்துட்டு வந்திருப்பாருடா" என்றார்.

டீ அப்போதுதான் வந்தது.

அன்று மத்தியானமே புது டார்ச் பூட்டப்பட்டது. ஒட்டு ஒரே சீராக விழுந்தது. பத்து நாள் கழித்து டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார். "கொஞ்சம் வத்தியிருக்கு. வேலையை விடவேண்டாம். அடுத்த மாசம் வாங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அக்கா வலது கையால் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

தம்பியார் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ரெண்டு மாசம் அலசி எடுத்தோம்ல. ஒன்பதுதான் சரி." எடுத்தோம். அந்த 'ஓம்' எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்பதில்லை.

பழைய டார்ச்சைச் சுவரில் மாட்டிவைக்கும் பொறுப்பும் தம்பியாருக்குத்தான் வந்தது. எந்தச் சுவர், எந்த உயரம், ஆணியா கொக்கியா, வெயில் பட்டால் டேப் இளகுமா என்று நோட்டில் புதுப் பக்கம் தொடங்கியிருக்கிறார். மூன்று மாதமாகிறது. டார்ச் இன்னும் மேஜைமேல்தான் கிடக்கிறது, அக்காவின் கை எட்டுகிற தூரத்தில். வேலைக்கு நடுவே எப்போதாவது அக்கா அந்தக் கறுப்பு டேப்பின்மேல் கையை வைத்துவிட்டு எடுப்பார். முடிவாச்சா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் தம்பி எத்தனை நாள் வேண்டுமானாலும் அலசட்டும் என்று விட்டுவிட்டார்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். இதைப் படிக்கும்போது, பதினேழிலேயே கழுத்து வளைகிற வகை இருக்குமே, அதைப் பார்த்திருந்தால் கப்பும் வீணாகியிருக்காதே என்று உங்களுக்கு ஒரு நினைப்பு ஓடியதா? ஓடியிருந்தால் ஒன்றும் குற்றமில்லை. எழுந்து போய், உங்கள் வீட்டில் யாராவது தம்ளரை இடது கையால் எடுக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்.