நாற்பத்தொரு அழுமூஞ்சிகள்

ஒன்று புள்ளி நான்கு. மூன்றாவது தடவை கூட்டிப் பார்த்தும் அதே ஒன்று புள்ளி நான்குதான் வந்தது. கற்பகவல்லி டீச்சர் பேனாவை மூடி வைத்தார்.

புதன்கிழமை அதிகாரி வருகிறார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் எவ்வளவு ஒட்டுதல் என்று அளக்கப் போகிறாராம். அதற்கென்று ஒரு தாளே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். 'இது என் பள்ளி', 'டீச்சருக்கு என்மேல் பிரியம்', 'நாளைக்கும் இங்கே வர ஆசை' என்று பத்து வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஐந்து மூஞ்சிகள். அழுமூஞ்சிக்கு ஒரு மார்க், சிரித்த மூஞ்சிக்கு ஐந்து. சராசரி மூன்றுக்குக் கீழே போனால் தலைமையாசிரியருக்கு இடமாறுதல். இதை வெளியே சொல்லக்கூடாது என்றும் சுற்றறிக்கை எச்சரித்திருந்தது.

அந்தத் தலைமையாசிரியர் கற்பகவல்லிதான். எம். புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊரில், நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளி. ஆறு வருடமாக அங்கே இருக்கிறார். வராத பிள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டி வருவார், பேன் பார்ப்பார், மூக்குச் சிந்தி விடுவார். சம்பளம் எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும், இந்தப் பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள். இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பெற்றோர் கையெழுத்துக்காகத் தாள் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தது. திங்கட்கிழமை ஒத்திகை. முப்பத்தேழு பேர் பத்து வரிக்கும் அழுமூஞ்சியில் டிக் அடித்திருந்தார்கள். சிரித்த மூஞ்சியைத் தொட்டவர்கள் மூன்று ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளும், போன வாரம் சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்த ஹரிஷ்குமாரும்தான்.

சரி, பிள்ளைகள் மூஞ்சியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று டீச்சர் போர்டில் பெரிதாக வரைந்தார்.

"ஏலே, இது என்னது?"

"அழுமூஞ்சி, டீச்சர்!"

"எப்பப் போடணும்?"

"பிடிக்கலைன்னா!"

"இது?"

"சிரிச்ச மூஞ்சி! ரொம்பப் பிடிச்சாப் போடணும்!"

புரிந்துதான் போட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் ஒரு கிலோ காரச்சேவு வாங்கி வந்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். "நல்லாக் கேளுங்க. நீங்க மார்க் கூடப் போட்டா டீச்சருக்குத்தான் பெருமை. பெரிய ஆபீஸ்ல இருக்கவுக எல்லாம் என்னையக் கூப்பிட்டுப் பாராட்டுவாக."

மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன. ஐந்தாம் வகுப்பு இசைவாணி திரும்பி, ஒன்றாம் வகுப்புப் பக்கம் கண்ணை உருட்டினாள்.

இரண்டாவது ஒத்திகையில் அழுமூஞ்சி நாற்பது. மிஞ்சிய ஒன்று ஹரிஷ்குமார். சராசரி ஒன்று புள்ளி ஒன்று. சேவு மட்டும் தூள்கூட மிச்சமில்லை.

அன்று மணி அடித்தும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. டீச்சரின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"பிடிக்காத இடத்துல என்னத்துக்கு நிக்கிறீக? போங்க!" என்று டீச்சர் எரிந்து விழுந்தார். சொன்ன மறுநிமிடமே மனசு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், பட்டாசுக் கம்பெனி வேன் வரும் இடத்துக்கே போய்விட்டார். தூக்குச்சட்டியோடு பெண்கள் நின்றார்கள். இசைவாணியின் அம்மா பொன்மணி ஓடி வந்தாள்.

"என்ன டீச்சர், இங்கன வந்து நிக்கிறீக?"

"பொன்மணி, நாளைக்கு அதிகாரி வாராரு. பிள்ளைக என்னையப் பத்தி மார்க் போடணும். நீங்கதான் வீட்டுல கொஞ்சம் எடுத்துச் சொல்லணும். எனக்காகக் கேக்குறேன்."

இப்படி யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர். முகமெல்லாம் சிவந்துவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்குப் போயி இம்புட்டுத் தூரம் வரணுமா? எந்த அதிகாரி வந்தாலும் எங்க பிள்ளைக பிசகாது. நாங்க பாத்துக்கிடுறோம், நீங்க நிம்மதியாப் போங்க."

வேன் ஹாரன் அலறியது. பொன்மணி ஓடினாள். "புது போர்மேன் ஒரு நிமிசம் பொறுக்க மாட்டான் டீச்சர். பழைய போர்மேன் பலவேசம் அண்ணாச்சி தங்கமான மனுசன். அவரை அச்சங்குளம் யூனிட்டுக்குத் தூக்கிட்டாக!"

டீச்சர் நிம்மதியாகத் திரும்பினார். அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை அதிகாரி முனியராஜ் வந்தார். ஆசிரியர் உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி. கற்பகவல்லி ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே இசைவாணி கண்ணைத் துடைத்துத் துடைத்து டிக் அடித்தாள். ஹரிஷ்குமாரின் பேனா அந்தரத்தில் நின்றது. பக்கத்துப் பிள்ளை அவன் காதில் என்னவோ ஓதியது. அவன் ஜன்னல் வழியே டீச்சரை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து மடமடவென்று அடித்துத் தள்ளினான்.

முனியராஜ் செல்போனில் கணக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"மேடம், நாப்பத்தொரு பேரும் அழுமூஞ்சி. ஒண்ணு புள்ளி சைபர். இதுக்குக் கீழ மார்க்கே கிடையாது. அப்படி என்னதான் செஞ்சீக பிள்ளைகளை?"

"மூக்குச் சிந்தி விட்டேன் சார்," என்றார் டீச்சர். வேறொன்றும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

"இன்னொரு தடவை வச்சுப் பாருங்க சார்..."

"அனுப்பியாச்சு மேடம். இனி மாத்த முடியாது. அடுத்த மாசத்துக்குள்ள வேற ஊருக்கு ஆர்டர் வந்துரும்."

அதிகாரியின் பைக் போய்விட்டது. டீச்சர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் பிள்ளைகள் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை. நாற்பத்தொரு பேரும் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள்.

இசைவாணி மட்டும் கிட்டே வந்து, தன் பாவாடை நுனியால் டீச்சரின் கண்ணைத் துடைத்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலச் சொன்னாள்:

"பயப்படாதீக டீச்சர், முதலாளிகிட்ட எங்கம்மாக்க எல்லாரும் பழைய போர்மேனை நல்லவருன்னு சொல்லப் போயித்தான அவரைத் தூக்கிட்டுப் போனாக? நாங்க ஒருத்தரும் உங்களைக் காட்டிக்குடுக்கலை, இனி உங்களை எவனும் எங்கயும் கொண்டு போக மாட்டான்."